மலைப்பாதையில் எஞ்சின் வெப்பம்: கைவினை விசிறியின் பயனும் எல்லையும்

இடுக்கி மாவட்டத்தின் உடும்பஞ்சோலை வட்டத்தில், கொச்சி–தனுஷ்கோடி தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது சின்னக்கானல். ஏலமும் தேயிலையும் இப்பகுதியின் வாழ்வாதாரம். கிழக்கே போடிமெட்டைக் கடந்தால் சாலை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரை அடைகின்றது. போடி, கம்பம் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்காக ஆயிரக்கணக்கான தொழிலாளர், பெரும்பாலும் பெண்கள், நாள்தோறும் ஜீப்புகளில் மலையேறி மாலையில் திரும்புகின்றனர். சின்னக்கானலுக்கு அண்மையிலுள்ள சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குச் செல்லும் கரடுமுரடான பாதையோ ஜீப்பையும், மண்பாதைக்கென்றே உருவான மோட்டார் சைக்கிளையும் தவிர வேறெந்த வண்டிக்கும் இடங்கொடுப்பதில்லை. கொழுக்குமலை தமிழ்நாட்டின் எல்லைக்குட்பட்டது. ஆயினும் வண்டி செல்லத்தக்க வழி கேரளத்தின் ஊடாகவே உள்ளது என்பது நிலவியலின் விந்தைகளுள் ஒன்று.

இத்தகைய பாதையில் வண்டி நின்றுபோவது சமவெளியில் நின்றுபோவது போன்றதன்று. ஒரு நாள் கூலி போகும். நோயாளியை ஏற்றிச் செல்லும் வண்டியாயின் அதனினும் பெரிய இழப்பு நேரும். காட்டு யானைகளின் நடமாட்டம் மிகுந்த இடம் இது. ‘அரிக்கொம்பன்’ என்று பெயர்பெற்ற யானையை 2023 ஏப்ரலில் சின்னக்கானல் பகுதியிலேயே பிடித்துப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் கொண்டுபோய் விட்டனர். அந்தி வேளையில் ஆவி கக்கும் எஞ்சினுடன் பாதையோரம் காத்திருப்பதை எவரும் விரும்பார். எஞ்சின் ஏன் சூடேறுகின்றது, அதற்குப் பட்டறைகளில் கையால் பொருத்தப்படும் சிறு விசிறி எந்த அளவுக்குத் தீர்வாகும் என்பதை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

வெப்பம் எங்கே செல்கின்றது?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 32 மெகாஜூல் வெப்பம் வெளிப்படுகின்றது. இதில் கால் பங்கு, மிஞ்சினால் முப்பது விழுக்காடு, சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது. சுமார் மூன்றில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே போய்விடும். ஏறத்தாழ அதே அளவு வெப்பம் சிலிண்டரின் சுவரிலும் தலைப்பகுதியிலும் தங்குகின்றது. இதை உடனுக்குடன் அகற்றாவிட்டால் எண்ணெய் தன் பசையை இழக்கும். பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகும். தலைப்பகுதியின் கேஸ்கெட் கருகும்.

நம் நாட்டின் மோட்டார் சைக்கிள்கள் நெடுங்காலம் இவ்வெப்பத்தைக் காற்றிடமே நேராக ஒப்படைத்து வந்தன. 1955 முதல் சென்னையில் உருவான என்ஃபீல்டும், பின்னர் வந்த ராஜ்தூத், ஜாவா, யெஸ்டி ஆகியனவும் சிலிண்டரைச் சுற்றித் தகடுதகடாக அமைந்த துடுப்புகளின் வழியே வெப்பத்தை வெளிவிட்டன. வண்டி ஓடும்போது எதிர்க்காற்று அத்துடுப்புகளைக் குளிர்விக்கும். ஸ்கூட்டரிலும் ஆட்டோ ரிக்‌ஷாவிலும் எஞ்சின் உடற்கூட்டுக்குள் மறைந்திருப்பதால் எதிர்க்காற்று அதனை எட்டாது. அதனால் அவற்றின் சுழற்சக்கரத்திலேயே விசிறி இதழ்களை வார்த்து, தகட்டு உறையின் வழியே காற்றைச் சிலிண்டரின் மேல் செலுத்தினர். எஞ்சினுக்கு விசிறி கட்டுவது அயல்நாட்டுப் பந்தய வண்டிகளிலிருந்து வந்த புதுமை என எண்ணுவோர், தாம் நாள்தோறும் ஏறியிறங்கும் ஆட்டோவை மறந்துவிடுகின்றனர்.

நீரால் குளிர்விக்கும் முறை இரு சக்கர வண்டிகளில் நம் நாட்டில் பரவியது அண்மைக் காலத்தில்தான். 2008ஆம் ஆண்டில் யமஹா நிறுவனத்தின் ஆர்15 வண்டியும், 2012இல் கேடிஎம் டியூக் 200 வண்டியும் வந்தபின் ரேடியேட்டர் என்பது இளைஞர்களுக்குப் பழகிய சொல்லாயிற்று. மலைப்பயணத்துக்கெனப் பெயர்பெற்ற ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வண்டி 2016இல் எண்ணெய்க் குளிர்ப்பானுடன் வந்தது. 2023இல் வெளியான 450 சிசி வடிவமே நீர்க்குளிர்ச்சிக்கு மாறியது. சின்னக்கானல் வட்டாரத்துத் தொழிலாளர் ஓட்டும் வண்டிகளுள் மிகப் பெரும்பான்மையானவை இன்றும் காற்றால் குளிர்பவையே. விசிறி பற்றிய கேள்வி எழுவது நீர்க்குளிர்ச்சி கொண்ட வண்டிகளில். அவற்றுள்ளும் குறிப்பாக, காவாசாகி நிறுவனத்தின் கேஎக்ஸ் வரிசை போன்று மண்பாதைப் போட்டிக்கென்றே செய்யப்பட்ட வண்டிகளில்.

இவ்வண்டிகளில் ரேடியேட்டர் உண்டு, விசிறி இல்லை. உருவாக்கியோர் அதை மறந்துவிடவில்லை. போட்டிக் களத்தில் வண்டி ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும், எதிர்க்காற்றே போதும். விசிறியும் அதன் மோட்டாரும் வீண் எடை. மேலும் ரேடியேட்டரின் பின்னால் நிற்கும் விசிறி, விரைவாக ஓடும்போது காற்றின் வழியை ஓரளவு மறிக்கவும் செய்யும். அதே வண்டியைக் களத்திலிருந்து எடுத்து, நடையினும் சற்றே மிகுந்த வேகத்தில் கல்லும் வேரும் நிறைந்த ஏற்றத்தில் செலுத்தும்போதுதான் கணக்கு மாறுகின்றது.

ஓர் எளிய கணக்கு

வண்டியும் ஓட்டுநரும் சேர்ந்து 190 கிலோ எடை எனக் கொள்வோம். நூறு மீட்டருக்குப் பதினைந்து மீட்டர் உயரும் ஏற்றத்தில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதற்கு, எடையை உயர்த்த மட்டும் சுமார் 780 வாட் ஆற்றல் தேவை. கற்களின் மேல் உருளும் தடை, சங்கிலியின் இழப்பு, கிளட்ச் வழுக்குவதால் வீணாவது ஆகியவற்றைச் சேர்த்தால் எஞ்சின் இரண்டு கிலோவாட் அளவில் உழைக்க நேரிடும். ரேடியேட்டர் அகற்றவேண்டிய வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவாகும்.

காற்று ரேடியேட்டரைக் கடக்கையில் 30 பாகை செல்சியஸ் சூடேறுவதாகக் கொள்வோம். 2,000 மீட்டர் உயரத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ ஒரு கிலோவே. கடல் மட்டத்தில் அது 1.2 கிலோ. இரண்டு கிலோவாட் வெப்பத்தை ஏந்திச் செல்ல விநாடிக்கு 67 லிட்டர் காற்று தேவை. இரண்டு சிறு ரேடியேட்டர்களின் முகப்பரப்பு 0.04 சதுர மீட்டர் என்றும், எதிரே வரும் காற்றில் மூன்றில் ஒரு பங்கே துடுப்புகளினூடே நுழையும் என்றும் வைத்துக்கொண்டால், மணிக்கு 40 கிலோமீட்டரில் விநாடிக்கு 148 லிட்டர் கிடைக்கும். அது தேவையைப் போல் இரு மடங்கு. மணிக்கு 10 கிலோமீட்டரில் கிடைப்பதோ 37 லிட்டர்தான். பற்றாக்குறை 30 லிட்டர். ஓட்டுநரின் முதுகுப்புறத்திலிருந்து மலைக்காற்று வீசினால் இதுவும் குறையும்.

இப்பற்றாக்குறையை வெப்பமாக மாற்றினால் சுமார் ஒரு கிலோவாட். அந்த வெப்பம் எஞ்சினுக்குள்ளேயே சேரும். ஒரு லிட்டரும் சற்று மேலுமான குளிர்நீரையும் பத்துக் கிலோ அலுமினியத்தையும் 80 பாகையிலிருந்து 118 பாகைக்குக் கொண்டுசெல்ல அதற்கு எட்டு, ஒன்பது நிமிடம் போதும். உண்மையில் நீர் சூடேற ஏறக் காற்றும் மிகுதியாக வெப்பத்தை ஏற்கும். ஆகவே நேரம் சிறிது நீளும். ஆயினும் இடைவிடாத ஏற்றத்தில் கால் மணி நேரத்துக்குள் நீர் கொதிக்கத் தொடங்குவதற்கான காரணம் இக்கணக்கிலிருந்தே விளங்கும்.

118 என்ற எண் எங்கிருந்து வந்தது? திறந்த பாத்திரத்தில் நீர் கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கின்றது. 2,100 மீட்டர் உயரத்தில் சுமார் 93 பாகையிலேயே கொதித்துவிடும். மலையூர்களில் பருப்பு வேகத் தாமதமாவது இதனால்தான். ஆனால் ரேடியேட்டர் திறந்த பாத்திரமன்று. அதன் மூடி ஒரு வில்லின் உதவியால், சதுர சென்டிமீட்டருக்கு 1.1 கிலோ அளவுக்கு அழுத்தத்தைத் தேக்கி நிறுத்துகின்றது. அந்த அழுத்தத்தில் நீரின் கொதிநிலை கடல் மட்டத்தில் சுமார் 121 பாகை. கொழுக்குமலையின் உயரத்திலோ 118. வேறுபாடு மூன்று பாகை மட்டுமே. மூடியின் ரப்பர் வளையம் வெடித்து அழுத்தம் கசிந்தால் கொதிநிலை 118இலிருந்து 93க்கு விழும். சில்லறை விலையில் கிடைக்கும் ஒரு மூடி இருபத்தைந்து பாகையைக் காக்கின்றது. நீருடன் கிளைக்கால் சேர்ந்த குளிர்நீர் இதற்கும் மேலே சில பாகைகளைக் கூட்டித் தரும்.

விசிறி தேடுமுன் மூடியைப் பார்க்கவேண்டும் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் கூறுவதன் பொருள் இதுவே. அடுத்து பார்க்கவேண்டியது சேறு. மழைக்காலத்தில் முன்சக்கரம் வாரி இறைக்கும் செம்மண், துடுப்புகளின் இடையே புகுந்து உலர்ந்துவிட்டால் பாதி ரேடியேட்டர் வெறும் சுவராகிவிடும். பின்புறத்திலிருந்து முன்நோக்கி மென்மையாக நீர் பாய்ச்சிக் கழுவுவதும், வளைந்த துடுப்புகளை நிமிர்த்துவதும் செலவில்லாத வேலைகள். பல்லை மாற்றுவதும் பயன் தரும். பின்சக்கரத்தில் ஓரிரு பற்கள் மிகுந்த ஸ்ப்ராக்கெட்டைப் பொருத்தினால் கிளட்சை வழுக்கவிடாமலே மெதுவாக ஏறலாம்; எஞ்சினின் சுழற்சி கூடுவதால் அதனுடன் இணைந்த நீர்ப்பம்பும் விரைந்து சுழலும். விசிறி வேண்டுமென்று பட்டறைக்கு வரும் வண்டிகளுள் பலவற்றுக்கு இவ்வளவுமே போதுமானதாக இருக்கும்.

கைவினை விசிறி

இவையனைத்தும் செய்த பின்னும் வெப்பம் அடங்காவிடில் விசிறியைப் பற்றி எண்ணலாம். கார்களில் இந்த மாற்றம் முன்பே நிகழ்ந்தது. அம்பாசடர் காரிலும் பழைய ஜீப்பிலும் விசிறி, எஞ்சினோடு வார்ப்பட்டையால் பிணைக்கப்பட்டிருந்தது. எஞ்சின் மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகவே சுழலும். காற்று மிகத் தேவைப்படும் வேளையில் மிகக் குறைவாகக் கிடைக்கும். மலைச்சாலையோரத்தில் பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு ஓடைநீருக்காக டப்பாவுடன் ஓட்டுநர் அலைந்த காட்சியை முந்தைய தலைமுறையினர் நன்கறிவர். 1983இல் வந்த மாருதி 800 காரில் எஞ்சின் குறுக்காக அமைந்ததால் வார்ப்பட்டை விசிறிக்கு வழியில்லாமல் போயிற்று. மின்சார விசிறி ஒன்றை ரேடியேட்டரின் பின் நிறுத்தி, வெப்பத்தால் இயங்கும் விசை ஒன்றை அதனுடன் இணைத்தனர். எஞ்சினின் வேகத்துக்கும் காற்றின் அளவுக்கும் இருந்த பிணைப்பு அறுந்தது. மோட்டார் சைக்கிளில் பட்டறைக்காரர் செய்ய முற்படுவதும் அதுவே.

இதற்கு இரு வகைப் பொருள்கள் பயன்படுகின்றன. ஒன்று, கணிப்பொறிப் பெட்டிக்குள் சுழலும் 12 வோல்ட் விசிறி. 12 சென்டிமீட்டர் அகலமுடைய இது மண்பாதை வண்டியின் குறுகிய ரேடியேட்டருக்கு அளவெடுத்தாற்போல் பொருந்தும். இரண்டு, மூன்று வாட் மின்சாரமே உண்ணும். பழைய பொருள் கடையில் எளிதாகக் கிடைக்கும். மற்றது, பழைய கார் அல்லது பெரிய மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய விசிறி. இது வலிமையானது, ஆனால் பருமனும் மின்பசியும் மிக்கது.

முதல் வகையின் திறன் பற்றி மிகைப்பட்ட நம்பிக்கை நிலவுகின்றது. தடையில்லாத வெளியில் அத்தகைய ஒரு விசிறி விநாடிக்கு 24 லிட்டர் அளவில் காற்றைத் தள்ளக்கூடும். இரண்டு வைத்தால் 48 லிட்டர். பற்றாக்குறையோ 30 லிட்டர்தானே எனத் தோன்றும். இங்கேதான் ஏமாற்றம். கணிப்பொறிப் பெட்டிக்குள் காற்றை மெல்ல நகர்த்துவதற்கென அமைந்த இதழ்கள், நெருக்கமான துடுப்புகளின் எதிர்ப்பை வெல்லும் அழுத்தத்தை உண்டாக்க இயலாதவை. ரேடியேட்டரின் பின் நின்றால் அவற்றின் காற்று பாதிக்கும் கீழே குறைந்துவிடும். மேலும் எதிர்க்காற்றின் அளவும் விசிறிக்காற்றின் அளவும் இரண்டு பைகளிலுள்ள நெல்லைப்போல் அப்படியே கூடுவதில்லை. இரண்டும் ஒரே வழியாகத்தான் போகவேண்டும். வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும் வேளையில், அகற்றவேண்டிய வெப்பம் மிகவும் குறைவு; அப்போது இச்சிறு விசிறி தன் கடமையைச் செவ்வனே செய்யும். செங்குத்தான நீண்ட ஏற்றத்தில் அது கொதிநிலையைச் சில நிமிடம் தள்ளிப்போடும், தடுக்காது. நீரும் சேறும் படும் இடத்துக்கென அது செய்யப்பட்டதுமன்று. ஓர் ஓடையைக் கடந்த பின் நின்றுபோனால் வியப்பில்லை.

இரண்டாம் வகையில் கேள்வி மின்சாரத்தைப் பற்றியது. ஐம்பது, அறுபது வாட் விசிறியைச் சுழற்ற 12 வோல்ட் அமைப்பில் சுமார் ஐந்து ஆம்பியர் வேண்டும். எஞ்சினுக்கு இது பெரிய சுமையன்று. ஆனால் மண்பாதை வண்டிகள் பலவற்றின் மின்னாக்கி நூறு வாட் அளவுக்கே உருவானது. அதிலிருந்து முதலில் பற்றவைப்புக்கும் பின்னர் விளக்குக்கும் பங்கு போகவேண்டும். பழைய போட்டி வண்டிகள் சிலவற்றில் பேட்டரியே இல்லை. விளக்குச் சுருள் தருவது மாறுதிசை மின்னோட்டம். விசிறி மோட்டாருக்கோ நேர்திசை மின்னோட்டம் தேவை. ஆகவே இடையே மின்திருத்தியும் மின்னழுத்தச் சீராக்கியும் அமைக்காமல் கம்பியை நேரே இணைத்தால் விசிறி எரிந்துபோகும். எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது மின்னாக்கியின் விளைவும் குறையும். விசிறி மிகத் தேவைப்படும் வேளையும் அதுவே ஆதலால், பேட்டரி இல்லாத வண்டியில் பெரிய விசிறி பெரும்பாலும் ஏமாற்றத்தையே தரும்.

பொருத்தும் முறையிலும் கவனம் வேண்டும். விசிறியை ரேடியேட்டரின் பின்புறம் வைத்து, முன்னிருந்து காற்றை உறிஞ்சுமாறு அமைப்பதே முறை. எதிர்க்காற்றும் அதே திசையில் வருவதால் ஒன்றுக்கொன்று துணையாகும். தூரிகை கொண்ட மோட்டாரில் இரு கம்பிகளை மாற்றி இணைத்துவிட்டால் விசிறி எதிர்த்திசையில் சுழன்று, உள்ளே வரும் காற்றையே வெளியே தள்ளும். ஓசை கேட்கும், இதழ் சுழலும், வண்டியோ முன்னைவிட விரைவாகச் சூடேறும். ஒரு தாளை ரேடியேட்டரின் முன்பக்கத்தில் வைத்து அது ஒட்டிக்கொள்கின்றதா எனப் பார்ப்பது போதிய சோதனை. விசிறிக்கும் துடுப்புகளுக்கும் இடையே சிறிது வெளிவிட்டு, சுற்றிலும் தகட்டு உறை கட்டினால் விசிறியின் வட்டத்துக்கு அப்பாலுள்ள மூலைகளும் காற்றைப் பெறும். விசிறியைத் துடுப்புகளினூடே பிளாஸ்டிக் பட்டைகளைச் செருகிக் கட்டும் வழக்கம் மலிவானது. ஆனால் அதிர்வில் அப்பட்டை நீர்க்குழாயை அறுக்கும். நீர் ஒழுகிப்போன ரேடியேட்டருக்கு எந்த விசிறியும் உதவாது. சட்டத்தில் துளையுள்ள இடத்திலிருந்து தகட்டுத் தாங்கி செய்து, ரப்பர் வளையம் இட்டு முடுக்குவதே நிலைக்கும்.

மின்சுற்றில் ஃபியூஸ் கட்டாயம். பேட்டரிக்கு மிக அருகில் அது அமையவேண்டும். இன்றேல் சேற்றில் உராய்ந்து தோல் உரிந்த கம்பி, பெட்ரோல் டாங்கின் கீழேயே நெருப்புக்கு வித்திடும். கையால் இயக்கும் விசையைவிட, ரேடியேட்டர் குழாயில் பொருத்தும் வெப்பவிசை சிறந்தது. ஏற்றத்தில் தடுமாறும் ஓட்டுநர் விசிறியை நினைத்துப் பார்ப்பதற்குள் நீர் கொதித்திருக்கும். எஞ்சினை நிறுத்திய பின்னும் சற்று நேரம் விசிறி ஓடுமாறு அமைத்தல் நலம் என்பர். ஆனால் நீர்ப்பம்பு நின்றுவிட்ட நிலையில் விசிறி குளிர்விப்பது ரேடியேட்டரில் தேங்கிய நீரை மட்டுமே. சிறிய பேட்டரியை அதற்காக வற்றச் செய்வதைவிட, நிழலில் எஞ்சினை ஓரிரு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துவது மேல். நீர் கொதித்துவிட்டாலோ, மூடியைத் தொடலாகாது. அழுத்தம் விலகியவுடன் 118 பாகை நீர் கணத்தில் ஆவியாகி முகத்தில் பீறிடும். அரை மணி நேரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. குளிர்ந்த ஓடைநீரைச் சூடான எஞ்சின்மேல் ஊற்றுவது வார்ப்பில் விரிசலை உண்டாக்கக்கூடும்.

சட்டத்தின் நிலை

வண்டியில் மாற்றம் செய்வதற்கு 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் எல்லை வகுத்துள்ளது. அதன் 52ஆம் பிரிவு, 2000ஆம் ஆண்டில் திருத்தப்பட்டபடி, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடை செய்கின்றது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றிலேயே உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9ஆம் நாள் இப்பிரிவுக்குக் கண்டிப்பான பொருளை அளித்தது. உயர் நீதிமன்றம் காட்டிய நெகிழ்ச்சியை அது ஏற்கவில்லை. அதே ஆண்டில் வந்த திருத்தச் சட்டம் 182ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளித்தது.

ரேடியேட்டர் விசிறி பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரமன்று. வண்டியின் வகை, எஞ்சின் எண், சட்ட எண், எரிபொருள் முதலியவற்றை அது தொடுவதில்லை. எனவே புகைக்குழாயை மாற்றுவதையும் சட்டத்தை அறுத்து நீட்டுவதையும் இதனோடு ஒன்றாக எண்ணவியலாது. ஆயினும் பின்னால் சேர்த்த மின்னிணைப்பினால் தீ நேர்ந்தால் காப்பீட்டுக் கோரிக்கை கேள்விக்குள்ளாகும். உத்தரவாதக் காலத்திலுள்ள வண்டியாயின் நிறுவனம் பொறுப்பேற்க மறுக்கவும் கூடும். கம்பியை வெட்டாமல், தனிச் சேணமாகக் கழற்றத்தக்க முறையில் இணைப்பை அமைத்தால் இச்சிக்கலின் பெரும்பகுதி நீங்கும்.

போட்டிக்கென உருவான வண்டிகளின் நிலை வேறு. அவை பதிவு செய்யப்படாதவை. ஆதலால் பொதுச்சாலையில் ஓட்டவே உரிமையற்றவை. விசிறி பொருத்தியதால் அவை நெடுஞ்சாலைக்குத் தகுதி பெற்றுவிடுவதில்லை. தனியார் தோட்டத்துக்குள் உரிமையாளரின் இசைவுடன் ஓட்டலாம். அண்மையிலுள்ள மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா போன்ற இடங்களிலோ, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதியின்றி நுழைதலே குற்றம். எஞ்சின் குளிர்ந்திருக்கின்றதா சூடாக இருக்கின்றதா என்பது அங்கே எழாத கேள்வி.